மலருக்காகப் படித்த ஆய்வுகள்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கத்திரி முடிந்தது வெயிலுக்குத் தெரியவில்லை போலும். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கிறது. மோட்டார் ஆள் இன்றும் வரவில்லை.

எழுத வேண்டியவை, வரிசையாக. வரிசை போடாவிட்டால் பாதியில் வேறு எங்காவது போய்விடுவேன்.

1. மலர் என்னிடம் கேட்டது.
2. மாத்திரை பற்றி இரண்டு ஆய்வுகள், இரண்டு பதில்கள். ஏன்?
3. நாளிதழ் போடும் சதவீதம். எதன் சதவீதம் என்று பார்த்த பிறகே பயப்பட வேண்டும்.
4. காபி, பால், சோயா. இவற்றுக்கு அதிக நேரம் தர வேண்டாம்.
5. குடும்பத்தில் முன்பு யாருக்காவது இருந்ததா: இல்லை. ஒரு வரி போதும்.
6. வீட்டுப் பெண்களிடம் இதைத் துருவிக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது. படித்தே முடிவுக்கு வரலாம்.
7. சனிக்கிழமைக்குள் மலருக்கு ஒரு பதில்.

இப்போது 1. மலருக்கு மாதவிலக்கு நிற்கும் காலம். ஒரு வருஷமாகவே உடம்பில் திடீர் திடீரென்று சூடு ஏறுகிறது. தூக்கம் இல்லை. மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். மற்ற நாட்களில் மாடியில் அவள் தனியாக எழுந்து நடப்பது எங்களுக்குக் கீழே கேட்கும். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாடு அவள் பொறுப்பு. தகரக் கூரை. போன மாதம் அளவுக் கருவியைக் கையில் பிடித்தபடியே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். அன்று அவள் பாஸ் செய்த ஒரு பெட்டி சரக்கு திரும்பி வந்தது. அவள் சர்வீஸில் முதல் தடவை. வேலையை விட்டுவிடலாமா என்கிறாள். அந்த வேலை இல்லாத மலரை எனக்கு நினைத்துப் பார்க்கத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை சேலையூர் பக்கம் ஒரு கிளினிக். சரோஜா உள்ளே போனாள், அம்மா என்ற முறையில். நான் வெளியில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், மற்ற அப்பாக்கள், கணவர்களோடு. மகளிர் மருத்துவர் அறை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போவதில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் ஹார்மோன் மாத்திரை சொல்லியிருக்கிறார். சூடு அடங்கும், தூக்கம் வரும். ஆனால் மா.பு. வரும் ஆபத்து கொஞ்சம் கூடலாம், யோசித்து அடுத்த சனிக்கிழமை சொல்லுங்கள் என்றாராம். (மா.பு. என்றால் பெண்களுக்கு வரும் அந்தப் புற்றுநோய். தனியாக எழுதும்போதுகூட முழுச்சொல்லுக்குக் கை வரவில்லை.)

மலர் இரண்டு நாளிதழ் நறுக்குகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒன்று: மாத்திரை ஆபத்தைக் கூட்டுகிறது. மற்றொன்று: கூட்டவில்லை, சிலருக்குக் குறைந்தும் இருக்கிறது.

“அப்பா, ரெண்டும் டாக்டருங்க சொன்னதுதான். எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியல. நீங்க புள்ளியியல் வாத்தியார். நீங்க சொல்றதைச் செய்யறேன்.”

கடைசி வாக்கியம்தான் பயமாக இருக்கிறது. கல்லூரிக் கரும்பலகையில் எத்தனை கணக்குத் தவறாகப் போட்டிருப்பேன். டஸ்டரால் துடைத்தால் போயிற்று.

ஜூன் 4, புதன்

மோட்டார் ஆள் வந்தான். வாஷர் மாற்றினான். சரி.

மூல ஆய்வுகளையே படிப்பது என்று முடிவு. நறுக்கை நம்பிப் பயனில்லை. பேரன் விட்டுப்போன லேப்டாப்பில் தேடி எடுத்தேன். திரையில் படித்தால் கண் கரிக்கிறது. கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அந்தச் சொல். கடைக்காரர் தாளை அடுக்கும்போது நான் குடையை அதன் மேல் வைத்தேன். “சார், குடையை எடுத்தாத்தான் ஸ்டேப்ளர் அடிக்க முடியும்” என்றார். எடுத்தேன். அவர் தலைப்பைப் பார்க்கக்கூட இல்லை.

ஷேர் ஆட்டோவில் முன் சீட்டுப் பெண்கள் இருவர். காய்கறிப் பைகள்.

“படிச்ச பொம்பளைங்களுக்குத்தான் அது ஜாஸ்தி வருதாம்க்கா.”

“அப்போ நாம தப்பிச்சோம், வுடு.”

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு, அடக்கிக்கொண்டேன். உண்மையில் இது நல்ல பாட உதாரணம். படிப்பு நோயைத் தருவதில்லை. படித்தவள் தாமதமாகக் கல்யாணம் செய்கிறாள், முதல் குழந்தை தாமதம், குழந்தைகள் குறைவு, பால் கொடுக்கும் காலம் குறைவு. அவற்றுக்குத்தான் தொடர்பு. அதோடு அவள் பரிசோதனைக்குப் போகிறாள். போனால்தானே கண்டுபிடிப்பார்கள்? போகாதவளுக்கு நோய் இல்லை என்று கணக்கு சொல்லும். இதை அந்த அம்மாக்களிடம் சொல்லியிருக்கலாம். ஆட்டோவில், ஒரு கிழவன், இந்த விஷயத்தை! இறங்கி வந்துவிட்டேன்.

மதியம் முழுக்கப் படிப்பு. குறிப்பு 3 பற்றி: நறுக்கில் “ஆபத்து பாதியளவு கூடுகிறது” என்கிறார்கள். எதில் பாதி? உதாரணத்துக்கு, நூறு பேரில் இரண்டு பேர் மூன்று பேரானாலும் பாதி கூடியதுதான். நாற்பது பேர் அறுபதானாலும் பாதி கூடியதுதான். முதலாவது யோசிக்க வேண்டிய விஷயம். இரண்டாவது ஓட வேண்டிய விஷயம். தலைப்பில் இரண்டும் ஒன்றே. மூல ஆய்வில் இது ஒளிக்கப்படவில்லை. எல்லாம் அட்டவணையில் ஒழுங்காக இருக்கிறது. நறுக்கு எழுதியவர் அட்டவணை வரை போகவில்லை.

அந்த ஆய்வாளர்கள் மீது மரியாதை கூடிக்கொண்டே போகிறது. கடைசிப் பகுதியில் தங்கள் ஆய்வின் குறைகளைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். “இதை நாங்கள் அளக்கவில்லை, இதில் நாங்கள் ஏமாந்திருக்கலாம்.” இவ்வளவு படித்தவர்கள் இப்படி எழுதும்போது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

அதைவிட, அந்தப் பெண்கள். பெயர் கிடையாது, வெறும் எண்ணிக்கை. ஆரோக்கியமாக இருக்கும்போதே ஒரு ஆய்வில் சேர்ந்து, வருஷக்கணக்காக, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எத்தனை குழந்தை, எப்போது விலக்கு நின்றது, என்ன மாத்திரை. தங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. எங்கோ ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருத்திக்குப் பயன்படும் என்று அவர்களுக்குத் தெரியுமா? நான் வங்கியில் கொடுக்கும் கருத்துப் படிவத்தையே நிரப்புவதில்லை.

ஜூன் 5, வியாழன்

மாலையில் தூறல் போலப் போக்குக் காட்டிவிட்டுப் போனது.

குறிப்பு 2 அவிழ்ந்தது. அவிழ்த்தது நான் பாதி, மலர் பாதி.

முதல் ஆய்வில் உள்ளவர்கள் கர்ப்பப்பை உள்ள பெண்கள். அவர்களுக்கு இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரை. கர்ப்பப்பையின் உள்சுவரைக் காப்பாற்ற இரண்டாவது ஹார்மோன் வேண்டும். இரண்டாவது ஆய்வில் கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு ஒரு ஹார்மோன் மட்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் பிடித்தது. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த மலரிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன். கர்ப்பப்பை என்ற சொல்லை “உள்ளே இருக்கிற அது” என்று சொன்னேன். அவளுக்குப் புரிந்தது.

“அப்ப ரெண்டு ஆய்வும் சரிதான்ப்பா. பார்ட் நம்பர் வேற. ஒரே பார்ட்டுன்னு நெனச்சு ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல வச்சுக் குழம்பிட்டோம்.”

அவ்வளவுதான். ஒரு பருவம் முழுக்க நான் வகுப்பில் நடத்தியதை அவள் சட்னி தொட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள். மலருக்குக் கர்ப்பப்பை இருக்கிறது. ஆகவே அவளுக்குப் பொருந்துவது முதல் ஆய்வு. ஆபத்து கொஞ்சம் கூடுகிறது, எத்தனை வருஷம் எடுக்கிறாள் என்பதைப் பொறுத்து. குறுகிய காலம் என்றால் சிறிது.

களைத்துப்போன முகம். ஆனால் பேசும்போது கண்ணில் பழைய வெளிச்சம். சிறு வயதில் பூட்டைக் கழற்றிப் பார்க்கிற பெண். டிப்ளமோ சேர்க்கும்போது எங்கள் தெருவே கேட்டது, பொண்ணுக்கு எதுக்கு மிஷின் படிப்பு என்று. அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. சேர்ந்தாள்.

குறிப்பு 4: காபி சில ஆய்வில் நல்லது, சிலவற்றில் ஒன்றுமில்லை. பால் அப்படியே. காரணம் எளிது. மனிதர்களிடம் “போன வருஷம் வாரத்தில் எத்தனை நாள் இதைச் சாப்பிட்டீர்கள்” என்று கேட்கிறார்கள். சோதித்துப் பார்க்க சரோஜாவிடம் கேட்டேன், போன மாதம் வீட்டில் எத்தனை தடவை கத்திரிக்காய் வைத்தாய்?

“வச்சது எனக்கு நினைவில்லை. நீங்க மூஞ்சியைச் சுளிச்சது நினைவிருக்கு. மூணு தடவை.”

இதற்கு ஒரு பெயரே உண்டு, நினைவுச் சார்பு. நோய் வந்தவர்களிடம் பழையதைக் கேட்டால், எதனால் வந்தது என்று தேடித் தேடி அதிகமாக நினைவுகூர்வார்கள். நோய் வராதவர்கள் மறந்துபோவார்கள். அதனால் ஒன்றுமில்லாத காபிகூடக் குற்றவாளியாகிவிடும். அந்தப் பெண்களிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்த ஆய்வுகள் உயர்ந்தவை என்பதும் இதனால்தான். நோய் வருவதற்கு முன்பே கேட்டாயிற்று. யாரும் தேடி நினைக்கவில்லை.

மாலை நடைப்பயிற்சியில் ஒருவர், கறுப்பு உள்ளாடையால் இந்த நோய் வருகிறது என்று போனில் வந்த செய்தியைக் காட்டினார். படிக்காமலே அழித்தேன். வாசகத்துக்காக அல்ல, படத்துக்காக.

ஜூன் 6, வெள்ளி

வெயில். சரோஜா காலையிலேயே திருநீர்மலை போய் வந்தாள். படி ஏறி இறங்கியதில் முழங்கால் வலி. ஆனால் முகம் தெளிவு.

பதிலை ஒரு தாளில் எழுதினேன். அடித்து அடித்து எழுதி, கடைசியில் ஆறேழு வரி: இரண்டு ஹார்மோன் மாத்திரை ஆபத்தைச் சிறிது கூட்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாததால் உன் தொடக்க ஆபத்தே குறைவு. குறைவானது சிறிது கூடினாலும் குறைவுதான். ஆகவே எடுத்துக்கொள்ளலாம். குறுகிய காலம், ஒழுங்கான பரிசோதனையோடு. இது மருத்துவன் சொல்வதல்ல, கணக்கு வாத்தியார் சொல்வது.

மாலை மலர் வந்ததும் படித்துக் காட்டினேன். சூடு ஏறிய நேரம். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு இரண்டாவது வரிக்குத் திரும்பினாள்.

“குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னு போட்டிருக்கீங்களே. பார்த்துட்டு இல்லைங்கறீங்களா, பார்க்காமலே இல்லைங்கறீங்களா?”

அவள் வேலையில் அப்படி ஒரு விதி. அளந்து சரியாக வந்ததற்கு ஒரு முத்திரை. அளக்காததற்கு முத்திரை கிடையாது, தனித் தட்டு. அளக்காததைச் சரியானதோடு சேர்த்துவிட்டால் வேலை போய்விடும்.

சரோஜா உடனே சொன்னாள், எங்க பக்கம் எல்லாரும் கட்டை மாதிரி, தொண்ணூறு தாண்டித்தான் போனாங்க, டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிட்டேன் என்று. அப்பா பக்கம் கேட்டார்களா என்றாள் மலர். கேட்டார்களாம். “அவங்க பக்கமும் யாருக்கும் இல்லை, ஒரு நாத்தனார் மட்டும் சின்ன வயசுல மஞ்சக்காமாலையில போனாங்கன்னு சொன்னேன்” என்றாள் சரோஜா.

அம்சா அக்கா. எனக்கு மூத்தவள். நாற்பது தாண்டவில்லை. அப்போது நான் நெல்லையில் முதல் வேலையில். தந்தி வந்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காமாலை என்றார் அப்பா. காமாலை என்றார் அண்ணன். நானும் இத்தனை காலம் அதையே சொல்லிவருகிறேன். சரோஜாவுக்குச் சொன்னவனும் நான்தான்.

நான் எப்போதும் இந்த நோயில் பெண்ணுக்கு அம்மா வழிதான் கணக்கு என்று நினைத்திருந்தேன். மலர் மாடிக்குப் போனதும் தாள்களைப் புரட்டினேன். அப்பா வழியும் அதே எடை. தெளிவாக எழுதியிருக்கிறது. நான் அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் டிக் போட்டுவிட்டுக் கடந்திருக்கிறேன். படித்தேன், என் வீட்டைப் பற்றி என்று படவில்லை.

நாளை காலை அண்ணியைப் பார்க்க வேண்டும். “இல்லை” என்று உறுதி செய்துகொள்ள மட்டும். கிளினிக் மாலையில்தான்.

எப்படிக் கேட்பது?

ஜூன் 7, சனி. காலை

அண்ணன் போய்ப் பல வருஷம். அண்ணி பழைய வீட்டிலேயே, பின் தெருவில். முன்பக்கம் நான்கு கடைகள் வாடகைக்கு. எண்பது தாண்டிவிட்டார். முற்றத்துக் குழாயடியில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார்.

“இன்னா வாத்தியாரே, வூட்ல ஒன்னியத் தொரத்திட்டாங்களா? காத்தால வந்து நிக்கறே.”

வெயிலைப் பற்றிப் பேசினேன். கடை வாடகைக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசினேன். நெத்திலி விலை கேட்டேன். அண்ணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, “கேக்க வந்ததைக் கேளு. மீனு நாறிடும்” என்றார்.

கேட்டேன். அம்சா அக்காவுக்குக் காமாலைதானே?

கை நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தாமல், வாசலில் போகிறவர்களுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்பதுபோல:

“காமாலை கடைசில வந்தது. மொதல்ல மாருல கட்டி.”

அண்ணி சொன்னதை அப்படியே எழுத முயல்கிறேன். முதலில் நெல்லிக்காய் அளவு. அக்கா யாரிடமும் சொல்லவில்லை. தாம்பரத்தில் இருந்த டாக்டர் ஆண். ரவிக்கையைக் கழற்ற வேண்டுமே என்று போகவில்லை. புடவையை இழுத்து இழுத்து மறைத்துக்கொண்டு மாடு கறந்தாள், சமைத்தாள். கட்டி உடைந்து நாற்றம் எடுத்தபோதுதான் அண்ணி கண்டுபிடித்தார். வேப்பிலை கொதிக்கவைத்து தினமும் கழுவிவிட்டிருக்கிறார், கதவைச் சாத்திக்கொண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனபோது ஈரல் வரை போய்விட்டது என்றார்களாம். அதன் பிறகு கண் மஞ்சள்.

“கண்ணு மஞ்சளாச்சு. ஆம்பளைங்க வாசப்படியில நின்னு அதைப் பாத்தாங்க, காமாலைன்னாங்க. நாங்க பொய் சொல்லல. நீங்க பாத்தது அவ்ளோதான்.”

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கே பிடிக்கவில்லை.

“யாரு கேட்டா? இன்னிக்குத்தான் நீ கேக்கறே. கேட்டே, சொல்லிட்டேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாத்துக்கு இப்போ? மலருக்கு ஏதாச்சும் கீதா?” என்றார். கிள்ளிய நெத்திலி தட்டைத் தள்ளிவைத்துவிட்டார்.

ஒன்றும் இல்லை, ஒரு மாத்திரை எடுப்பதற்கு முன்னால் கேட்கிறோம் என்றேன். எழுந்து வந்து என் தோளில் ஈரக் கையை வைத்தார். அண்ணி என்னைக் கடைசியாகத் தொட்டது என் கல்யாணத்தில் விபூதி இட்டபோதுதான் என்று நினைக்கிறேன்.

நினைவுச் சார்பைப் பற்றி எவ்வளவு படித்தேன். நோயாளிகள் அதிகமாக நினைவுகூர்வார்கள் என்று அந்த ஆய்வுகள் பயந்தன. என் வீட்டில் நினைவு இருந்த இடம் ஒன்று, பதில் சொன்ன இடம் வேறு.

குறிப்பு 5 தப்பு. எழுதிய தாளைக் கிழித்தேன்.

ஜூன் 7, மாலை

முதலில் மலரிடம். மாடிப்படியில் நின்று என்ன வாக்கியம் என்று யோசித்தேன். உள்ளே போய் எல்லா வாக்கியமும் மறந்து, “அம்சா அத்தைக்கு மார்பகப் புற்றுநோய்” என்றேன். மலர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தாள். அழுவாள் என்று பயந்தேன். அத்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டாள். சொன்னேன். வேப்பிலைத் தண்ணீரைச் சொல்லும்போது அவள் கண் நிறைந்தது. தனக்காக இல்லை.

“நேத்து நீங்க படிச்சதைக் கேட்டு இன்னிக்கு மாத்திரையை வாங்கியிருப்பேன்ப்பா” என்றாள். குற்றச்சாட்டு இல்லை அதில். மடித்த துணியை நான் வாங்கி அடுக்கினேன்.

கிளினிக்கில் செருப்பை விட்டுவிட்டு வழக்கமான நாற்காலியைப் பார்த்தேன். மலர் என் முழங்கையைப் பிடித்தாள். உள்ளே போனேன். சுவரில் உள்ளுறுப்புப் படங்கள். நான் டாக்டரின் மேசை மணியைப் பார்த்துப் பேசினேன்.

டாக்டர் நிதானமானவர். பொறுமையாகக் கேட்டுத் திருத்தி எழுதிக்கொண்டார். ஒரே ஒரு அத்தை என்றாலும் அவ்வளவு சின்ன வயது என்பதுதான் முக்கியம் என்றார். இதனால் மலருக்கு வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் ஹார்மோன் மாத்திரையை இப்போது தொடங்க வேண்டாம். முதலில் மார்பக எக்ஸ்ரே படம். பிறகு நகரத்தில் மரபணு ஆலோசனைக்குச் சீட்டு. சூட்டுக்கு ஹார்மோன் இல்லாத வேறு மருந்து உண்டு, அவ்வளவு வேகமாகக் கேட்காது, பார்க்கலாம் என்றார். அந்தத் தாள்களில் நான் படிக்காமல் விட்ட பகுதி அது.

என்னிடம், “நல்லவேளை சார், விசாரிச்சீங்க” என்றார். விசாரிக்கச் சொன்னவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

மதியம் நல்ல மழை. இடி. கரண்ட் போய் வந்தது.

ஒன்றும் படிக்கவில்லை.

அம்சா அக்காவின் முகம் சரியாக வரவில்லை. கை வருகிறது. எனக்குப் பரீட்சைக் காலத்தில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போகும் கை. அந்தக் கையால்தான் பிறகு புடவையை இழுத்து மறைத்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு வலி இருந்திருக்கும். ஒரு நாள்கூட வேலையை நிறுத்தவில்லையாம். அவளைப் பெரியவள் என்று நினைக்கிறேன். அவள் அப்படிப் பெரியவளாக இருந்திருக்க வேண்டாமே என்றும் நினைக்கிறேன்.

அண்ணி இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டு, பொங்கலுக்குப் பொங்கல் எங்களுக்குப் பரிமாறியிருக்கிறார். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது.

மாப்பிள்ளை வந்திருக்கிறார். மாடியில் இருவரும் நெடுநேரம் பேசினார்கள். பிறகு சிரிப்புச் சத்தம். நிம்மதி.

ஜூன் 12, வியாழன்

மேகமூட்டம். பால்காரருக்கு விடுமுறை சொல்ல வேண்டும். குடைக் கம்பி ஒடிந்தது, மாற்ற வேண்டும்.

தாம்பரத்தில் மார்பகப் படம். இந்தத் தடவை வெளியில்தான் இருக்க வேண்டும், எல்லோருமே. கதிர்வீச்சு. எதிரில் ஒருவர் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மலர் வெளியே வந்தாள். “அமுக்கற அமுக்குல எங்க மைக்ரோமீட்டர் தோத்துடும்ப்பா.” இப்படி ஒரு வாக்கியத்தை என் மகள் என்னிடம் சொல்வாள் என்று போன வாரம் நினைத்திருக்க மாட்டேன். சிரித்தேன். எதிரில் இருந்தவரும் சிரித்துவிட்டார்.

மாலையில் அறிக்கை. சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் எடுக்கச் சொல்லியிருக்கிறது. சரோஜா அறிக்கையைச் சுவாமி படத்தின் கீழே வைத்தாள். மலர் அதை எடுத்து இரண்டு தடவை முழுக்கப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

புது மருந்து தொடங்கிவிட்டாள். சூடு முழுக்கப் போகவில்லை. கொஞ்சம் தூங்குகிறாள். முதலாளியிடம் நேராகப் போய், இது விலக்கு நிற்கும் காலம், அளக்கும் மேசைப் பக்கம் ஒரு ஃபேனும் அரை மணி இடைவெளியும் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். முதலாளி ஆண். கேட்டதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. ஃபேன் வந்துவிட்டது. இடைவெளி பற்றி யோசிக்கிறாராம். வேலையை விடும் பேச்சு இல்லை.

ஜூன் 18, புதன்

நகரத்து மருத்துவமனையில் மரபணு ஆலோசனை. காலையில் ரயில் கூட்டம் என்பதால் வண்டி அமர்த்தினோம். நான், சரோஜா, மலர். வண்டி கிளம்பும்போது அண்ணி புதுப் புடவையில் வந்து ஏறிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. “நீ இன்னா சொல்லுவே அங்க? ஒனக்கு இன்னா தெரியும்?” என்றார் என்னிடம். உண்மை.

ஆலோசகர் இளம்பெண். ஒரு வெள்ளைத் தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குச் சதுரம். நான் ஒரு சதுரம். அம்சா அக்கா ஒரு வட்டம், குறுக்கே கோடு, உள்ளே கறுப்பு.

அதன் பிறகு அண்ணிதான். என் அப்பாவோடு பிறந்தவர்கள், அவர்கள் பெண்கள், ஒவ்வொருவராக. யாருக்கு எந்த வயதில் என்ன, யார் எதை மறைத்தார்கள், எதைத் துணியால் கட்டிக்கொண்டு படுத்தார்கள். உடம்பின் எந்தப் பாகத்தையும் அதன் பெயராலேயே சொன்னார். ஆலோசகரின் பேனா பின்தங்கியது. என் அத்தை ஒருத்தி வயிறு வீங்கிச் செத்தாள் என்றபோது ஆலோசகர் நிறுத்தி, பிள்ளைத்தாச்சி மாதிரி வீங்கியதா, தண்ணீர் கோத்ததா என்று திருப்பிக் கேட்டார். அண்ணி யோசித்து, தண்ணீர் கோத்ததுதான் என்றார். அந்த வட்டத்தில் ஒரு கேள்விக்குறி. சூலகத்தில் வரும் புற்றாக இருந்திருக்கலாம், அதற்கும் இதற்கும் சில குடும்பங்களில் ஒரே வேர் என்றார் ஆலோசகர். சரோஜா நடுவில் விட்டுப்போன ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தாள். மலர் தாளைத் தன் பக்கம் திருப்பி, ஒரு கோடு தவறான இடத்தில் சேர்வதைக் காட்டினாள். ஆலோசகர் திருத்தினார்.

முடிவில்: அம்சா அக்கா இல்லாததால் அவளுக்கு நெருங்கிய இரத்தம் நான். முதலில் என்னைச் சோதிப்பது நல்லது. இந்த நோய்க்கு வழிசெய்யும் மரபணு மாற்றம் என்னிடம் இல்லையென்றால் என் வழியாக மலருக்குப் போயிருக்க முடியாது. இருந்தால், அவளுக்குப் போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதன் பிறகு அவளைச் சோதிக்கலாம். ஆண்களிடமும் இருக்கும் சார், ஆண்களுக்கும் வரலாம் என்றார். எனக்கா, அங்கேயா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. மலர் எனக்குப் பதிலாகக் கேட்டாள். ஆம் என்றார்.

இரத்தம் கொடுத்தேன். முடிவு வரச் சில வாரம். அண்ணி ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார். “இவரு சின்ன வயசுல ஊசின்னா கட்டிலுக்கு அடியில பூந்துக்குவாரு” என்று நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் சிரித்தார்.

வண்டியில் திரும்பும்போது மூவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அத்தை, அக்கா, விலக்கு, கட்டி, மருந்து, நெத்திலிக் குழம்பு. நான் முன் சீட்டில். பல்லாவரம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டு வந்தேன்.

குறிப்பு 6 தவறு. அந்த அறையில் நான்கு பெண்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் சங்கடம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.